120 ஹெர்ட்ஸ் போன்தான், ஆனால் விரல் பட்டால் கேட்கவில்லை

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பத்து நாள் முன்பு காரைக்குடியில் 14,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினேன். 120 ஹெர்ட்ஸ், தொட்டால் பறக்கும் என்றார்கள். யுபிஐ பின் அடித்தால் ஏதாவது ஒரு எண் விழாமல் போகிறது. மனைவி தொட்டால் சரியாக இருக்கிறது. கடைக்காரர் ‘விற்ற பொருளை மாற்ற மாட்டோம்’ என்கிறார். கோளாறு போனிலா, என் கையிலா?

பதில்: முதலில் அந்த 120-ஐ மறந்துவிடுங்கள். திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதற்கான கணக்கு அது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லி விநாடி இடைவெளி, 120-ல் 8.3. படத்தை மேலே தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான். உங்கள் விரலைத் திரை எத்தனை முறை பார்க்கிறது என்பது வேறு எண். டச் சாம்ப்ளிங் ரேட் என்று 240, 360 எனப் போட்டிருப்பார்கள். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அது முக்கியம். பின் நம்பர் அடிக்க 60-ஏ தாராளம். தொட்டதே பதிவாகவில்லை என்றால் இரண்டுமே காரணமில்லை.

கண்ணாடிக்கு அடியில் உள்ள மெல்லிய மின்வலை, விரல் பட்டதும் ஏற்படும் சிறு மின் மாற்றத்தை வைத்துத்தான் தொட்டதை அறிகிறது. தோலில் கொஞ்சம் ஈரப்பசை வேண்டும். நாள் முழுக்க சிமென்ட்டில் கிடக்கும் விரல் காய்ந்து, தடித்துப் போயிருக்கும். திரைக்கு அது பாதி விரல்தான். அதற்கு மேல் கடையில் தடிமனான டெம்பர்ட் கிளாஸும் ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். (போன் விற்பதைவிட அதில்தான் லாபம் அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

அதைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் ‘டச் சென்சிடிவிட்டி’ இருந்தால் அதையும் போடுங்கள். எல்லா போனிலும் இருக்காது.

அப்படியும் சரியாகாவிட்டால் கையில் ஆதாரம் வேண்டும். ‘அபவுட் போன்’ உள்ளே ‘பில்ட் நம்பர்’ மேல் ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் ‘பாயின்டர் லொகேஷன்’ போட்டு, திரை முழுக்க மெதுவாகக் கோடு இழுங்கள். உங்கள் விரலுக்கு மட்டும் அங்கங்கே அறுந்தால் காரணம் தோல். யார் இழுத்தாலும் ஒரே இடத்தில் அறுந்தால் திரை பழுது. சார்ஜரில் போட்டிருக்கும்போது மட்டும் தானாகவே துள்ளுகிறது என்றால் மட்டமான சார்ஜர்.

திரை பழுது என்று தெரிந்தால் சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் (பழுதை எழுதித் தரும் சீட்டு) வாங்காமல் வெளியே வராதீர்கள். கடைக்காரர் சொல்வது பழுதான பொருளுக்குப் பொருந்தாது. பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இன்னும் இருபது நாள் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டு புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் உங்கள் கைதான் காரணம் என்றால் சட்டம் உதவாது. பட்டறைக் கையோடேயே கடையில் தட்டிப் பார்த்து வாங்கியிருக்கலாம்.

கேள்வி: கானாடுகாத்தானில் தனியாக இருக்கும் ஆயாவுக்குப் புது போன் கொடுத்தோம். தொட்டால் செயலி திறப்பதில்லை, ஐகான் இடம் மாறுகிறது, சில நாள் காணாமலே போகிறது. வேகமான போன் வாங்கித் தரலாமா? (தேவகோட்டையிலிருந்து)

பதில்: வேண்டாம். ஆயா அழுத்திப் பிடிக்கிறார், போன் அதை ‘லாங் பிரஸ்’ என்று எடுத்துக்கொள்கிறது. அக்சஸிபிலிட்டியில் ‘டச் அண்ட் ஹோல்ட் டிலே’யை நீளமானதாக மாற்றி, ஐகான்கள் நகராதபடி முகப்புத் திரையின் அமைப்பை லாக் செய்துவிடுங்கள். காசு செலவில்லை, அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே செய்துவிடலாம்.