கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு: "பரவாயில்லைங்க" என்றால் போதாது

புரொஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களும் வீட்டாரும் கேட்டவை. அந்தப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதில்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்குக் கதிர் முடிந்து மூன்று வாரம். இரவில் ஐந்து தடவை எழும்புகிறார். டொக்டர் கேட்டால் "பரவாயில்லைங்க" என்கிறார்.

தங்கச்சி, நம் தோட்டத்து ஆட்கள் டொக்டர் முன்னால் வேறென்ன சொல்வார்கள்! சிறுநீர்த் தொல்லையை எண்ணால் அளக்கும் ஐபிஎஸ்எஸ் (IPSS) கேள்வித்தாள் அதற்குத்தான். கடந்த ஒரு மாதம் சிறுநீர் போனது பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டினால் 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20இலிருந்து கடுமை. இரவில் எத்தனை தடவை எழும்புகிறார் என்ற ஒரு கேள்வியிலேயே அப்பாவுக்கு முழு 5. அப்புறம் தனியாக ஒன்று: வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அறையோடு கழிவறை இருப்பவருக்கு ஐந்து தடவை என்பது தூக்கக்கேடு. லயத்துக் கோடியில் கழிவறை, மழை, கையில் டோர்ச், பாசி பிடித்த படி என்றால்? மூன்று இரவு எழும்பிய நேரத்தைக் கொப்பியில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். இந்தத் தொல்லை பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே கொண்டுபோங்கள்.

தலவாக்கலை: சிகிச்சை தொடங்கவே இல்லை, அதற்குள் ஏன் இந்தக் கேள்விகள்?

வயதானால் புரொஸ்டேட் வீங்கி முன்பே தொல்லை இருந்திருக்கும். பழைய கணக்கு இல்லாவிட்டால் எல்லாப் பழியும் கதிர் மேல்தான் விழும்.

பதுளை: ஒன்றரை வருடம் கழித்து மலத்தில் இரத்தம். மூலமா?

ஐயா, நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு வருவதைப் பிந்திய விளைவு என்போம். மலக்குடலின் மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியலாம். வேறு காரணமும் இருக்கலாம், காட்டியே ஆகவேண்டும். மலக்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பவரிடம் கதிர் எடுத்ததை முதலிலேயே சொல்லுங்கள். அங்கே சதை கிள்ளி எடுத்தால் புண் எளிதில் ஆறாது.

பெயர் வேண்டாம் என்றவர்: தாம்பத்தியம் பற்றிய கேள்விகளை வெறுமையாக விட்டேன்.

சிறுநீர், மலம், தாம்பத்தியம் எல்லாவற்றையும் கேட்கும் எபிக்-26 (EPIC-26) கேள்வித்தாளைச் சொல்கிறீர்கள். அதில் 0 முதல் 100 வரை, கூடினால் நல்லது, ஐபிஎஸ்எஸ்ஸுக்கு நேர்மாறு. கதிரோடு சிலருக்குப் போடும் ஹார்மோன் ஊசியாலும் ஆசை குறையும், உடம்பு திடீரென்று சூடேறும். விட்ட இடத்தை யாரும் ஊகித்து மருந்து தரமாட்டார்கள், அண்ணே. அடுத்த முறை தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள்.

பண்டாரவளை: பேரனைத் தூக்கலாமா?

வெளியிலிருந்து மெஷினில் கொடுத்த கதிர் உடம்பில் தங்காது. தாராளமாகத் தூக்குங்கள்.