சங்கம் தேர்தலில் நிற்கலாமா?

அன்புள்ள ஐயா,

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்தில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். 2025 மே மாதப் பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் தலைவர் ஒரு வேட்பாளரின் மேடையில் ஏறி, சங்கத்தின் பெயரில் ஆதரவு கேட்டார். நிர்வாகசபை அப்படித் தீர்மானம் எடுக்கவில்லை. அதன்பிறகு 60 பேர் வந்த கூட்டத்துக்கு 15 பேர்தான் வருகிறார்கள். மாரி மழைக்கு எங்கள் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். தேர்தலுக்குப் பிறகு 40 மீற்றர் வடிகான் கட்டித் தந்தார்கள். தண்ணீர் இப்போது அடுத்த ஒழுங்கைக்குள் போகிறது. அடுத்த முறை சங்கமே சுயேச்சைக் குழுவாகக் கேட்க வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். சங்கத்துக்கு அரசியலே வேண்டாம் என்கிறார்கள் மூத்தவர்கள். நாங்கள் என்ன செய்வது?

செயலாளர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

சங்கம் தேர்தலில் நிற்கக் கூடாது. அரசியலை விட்டு ஒதுங்கவும் கூடாது. சங்கத்துக்கு வேலை இருக்கும் காலம் ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடைப்பட்ட நான்கு வருடங்கள்.

இளைஞர்களின் யோசனையை முதலில் சட்டத்தோடு வைத்துப் பார்ப்போம். இப்போதுள்ள கலப்பு முறையில் உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் விகிதாசாரத்திலிருந்தும் வருகிறார்கள். உங்கள் வட்டாரத்தில் மட்டும் நிற்கிறோம் என்று யாரும் வேட்புமனு கொடுக்க முடியாது. சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் நிறுத்த வேண்டும். அதுதான் முதற் பட்டியல். அதற்கு மேல் விகிதாசார ஆசனங்களுக்கான மேலதிகப் பட்டியலும் முழுதாக வேண்டும். முதற் பட்டியலில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் 50 வீதமும் பெண்களாக இருக்க வேண்டும். சுயேச்சைக் குழுவுக்குக் கட்டுப்பணம் ஆளுக்கு 5,000 ரூபாய். கட்சிக்கு 1,500 தான். பட்டியலில் 20 பேர் என்றாலே 100,000 ரூபாய். ஒரு கிராமத்துச் சங்கம் சாம்பல்தீவிலும் கன்னியாப் பக்கத்திலும் வேட்பாளர் தேடிப் போகும்போது அது கிராமத்துச் சங்கமாக இருக்காது. பெயர் நிரப்புவதற்காகப் பிடித்து வந்தவர்களைத்தான் பட்டியலில் காண்பீர்கள்.

பட்டியல் நிரம்பினாலும் ஆபத்துத் தீராது. 2025இல் பல குழுக்களின் வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டதற்கு, இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி முறையாக உறுதிப்படுத்தப்படாததும் சத்தியப் பிரமாணம் விடுபட்டதும் காரணங்கள். வாக்கு எண்ணுவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. வென்ற குழுக்களுக்கு வேறொரு சிக்கல். விகிதாசார ஆசனத்துக்கு யாரை அனுப்புவது என்பதைக் குழுத் தலைவர்தான் தீர்மானிப்பார். “முதல் இரண்டு வருடம் நீ, பிறகு நான்” என்று வாய்ப்பேச்சில் பகிர்ந்துகொள்வார்கள். இரண்டாம் வருடம் முடியும்போது முதலாமவர் விலக மறுப்பார். சட்டத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அந்தச் சண்டை சங்கத்தின் கூட்டத்துக்குத்தான் வந்து சேரும்.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. சபையோடு செய்த ஒப்பந்தத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ நலன் உள்ளவர் உறுப்பினராகத் தகுதியற்றவர் என்று உள்ளூராட்சித் தேர்தல் சட்டம் சொல்கிறது. கிறவல் போடுவது, மதகு கட்டுவது போன்ற சிறு வேலைகளைச் சபை கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கே ஒப்பந்தமாகக் கொடுப்பதுண்டு. அதில் கையெழுத்து வைத்த தலைவரோ பொருளாளரோ நிற்பதானால் வேட்புமனுவுக்கு முன்பே ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் நின்றால் எதிராளிக்கு வழக்குப் போட வழி திறந்துவிடுகிறீர்கள்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிற்க விருப்பம் என்றால் நிற்கட்டும், நல்ல விஷயம். சங்கப் பதவியை எழுத்தில் இராஜினாமா செய்துவிட்டு, வேறு பெயரில், வேறு வங்கிக் கணக்கில் நிற்க வேண்டும். தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம் 2023இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். சங்கத்தின் மண்டபம், கதிரை, ஒலிபெருக்கி எதையும் இலவசமாக எடுக்கக் கூடாது. எடுத்தால் எல்லா வேட்பாளருக்கும் ஒரே வாடகை, பற்றுச்சீட்டோடு.

இனி வடிகான். மூத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் 40 மீற்றர் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். பெரும்பாலும் ஆதரவாளர்களின் வீடுகளுக்கு முன்னால், ஒழுங்கையின் நடுவில் தொடங்கியிருக்கும். கிடைத்த பணத்துக்கு எவ்வளவு நீளம் வருமோ அவ்வளவுக்குக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். வடிகான் எப்போதும் தண்ணீர் வெளியேறும் வாயிலிலிருந்து மேல்நோக்கிக் கட்டப்பட வேண்டியது. உப்புவெளி மாதிரித் தட்டையான மணல் நிலத்தில் 100 மீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் சரிவாவது கிடைக்க வேண்டும். அதற்குக் கடைசி மட்டம் முதலில் தெரிய வேண்டும். நடுவில் தொடங்கினால் மட்டம் ஊகம்தான். கட்டிய துண்டு தண்ணீரை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடும், அடுத்த தேர்தலில் அந்த வீட்டுக்காரருக்கு இன்னொரு துண்டு கட்டித் தருவதாக வாக்குறுதி கொடுக்கப்படும். இப்படித்தான் ஒரே ஒழுங்கையில் மூன்று மட்டத்தில் மூன்று வடிகான்கள் வருகின்றன. இது சீமெந்துக் கலவையின் பிழையல்ல. பணம் துண்டு துண்டாக, ஆள் பார்த்து ஒதுக்கப்பட்டதன் பிழை. “அரசியல் வேண்டாம்” என்று சங்கம் ஒதுங்கினால் இந்த ஒதுக்கீட்டைக் கேள்வி கேட்க யாரும் மிஞ்சுவதில்லை.

முழு வழிக்கும் யார் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. நிலாவெளிக்குப் போகும் பிரதான வீதியும் அதன் கீழுள்ள மதகும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. இடையில் மாகாண வீதி இருந்தால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். வாயில் கடற்கரையில் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வழியில் வயற்காணி நிரப்பப்பட்டிருந்தால் கமநல சேவை நிலையம், அரச காணி என்றால் பிரதேச செயலாளர். யாராவது மதில் கட்டி அடைத்திருந்தால் அந்தக் கட்டட அனுமதியைச் சபையிடம் கேட்க வேண்டும். “வென்றால் வெள்ளத்தைத் தீர்ப்பேன்” என்பவரிடம் இந்தத் தாளை நீட்டி, மதகுக்கு எந்த அலுவலகத்துக்கு எழுதுவீர்கள் என்று கேளுங்கள். ஒரு வட்டார உறுப்பினரின் கையில் தனியே பணம் இல்லை. சபை நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

அந்தத் திட்டம் வருடக் கடைசியில் நிறைவேறும். உங்கள் கோரிக்கை செப்டெம்பருக்குள் போக வேண்டும். பெப்ரவரியில் கொடுத்தால் அந்த வருடத்துக்கான பணம் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். சான்றுகளை முந்தைய மாரியிலேயே சேர்த்து வையுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் யூலை வெயிலில் வந்தால் காய்ந்த மணலைத்தான் பார்ப்பார். ஆகவே நவம்பர், டிசம்பர் மழையில் ஒவ்வொரு மதிலிலும் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பெயின்ரால் கோடிட்டு, திகதியோடு படமெடுங்கள். எத்தனை வீடு, எத்தனை நாள் என்ற பட்டியலைக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்துங்கள். கோரிக்கையைச் சபைத் தவிசாளருக்கு ஒன்று, சபைச் செயலாளருக்கு ஒன்று, வட்டார உறுப்பினருக்கு ஒன்று என்று கொடுங்கள். திகதி முத்திரை குத்திய பிரதி உங்கள் கோவையில் இருக்க வேண்டும். சபைச் செயலாளரை விட்டுவிடாதீர்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025இல் புதிய சபைகள் வரும்வரை அலுவலகத்தை நடத்தியது செயலாளர்கள்தான். உறுப்பினர்களை மட்டும் நம்பியிருந்த சங்கங்களுக்கு அந்த இரண்டு வருடமும் கதவு தட்ட ஆளில்லை.

பிரதேச சபைச் சட்டம் (1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம்) சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்க இடம் தருகிறது. தொழில்நுட்ப சேவைகள் குழுவில் உங்கள் பகுதியிலிருந்து ஒருவரைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். ஓய்வுபெற்ற நிலஅளவையாளரோ மேற்பார்வையாளரோ இருந்தால் அவரை அனுப்புங்கள், கட்சிக்காரர் வேண்டாம்.

கட்டிய 40 மீற்றரையும் விடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மதிப்பீடு, வரைபடம், அளவீட்டுத் தாள், கொடுப்பனவுச் சான்று, எந்தச் செலவுத் தலைப்பு என்ற ஐந்தையும் கேளுங்கள். சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. “ஏன் ஊழல் செய்தீர்கள்” என்று எழுதினால் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் வரும்.

தலைவர் விஷயத்துக்கு வருகிறேன். அவரை இப்போதே நீக்கப் புறப்பட்டால் அவருடைய ஆட்கள் இன்னொரு சங்கம் தொடங்குவார்கள். ஒரே ஊரில் இரண்டு சங்கம் இருந்தால் அலுவலகங்களுக்கு இரண்டையும் தட்டிக்கழிப்பது சுலபம். அவர் தன் சொந்தப் பெயரில் எந்த மேடையிலும் ஏறலாம், அது அவருடைய உரிமை. சங்கத்தின் பெயர், கடிதத்தலைப்பு, முத்திரை ஆகியவைதான் பொதுச்சொத்து. பொதுக்கூட்டத்தில் மூன்று திருத்தங்களை முன்வையுங்கள். வேட்புமனுக் கொடுக்கும் நிர்வாகி அன்றே பதவி விலகியவராகக் கருதப்படுவார். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும்வரை முத்திரை பொருளாளரிடமும் கடிதத்தலைப்பு செயலாளரிடமும் பிரித்து வைக்கப்படும். வேட்பாளர்களைச் சங்கம் சந்திப்பதானால் எல்லோரையும் ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளோடு சந்திக்கும்; பதில்களில் அவரவர் கையெழுத்து வாங்கி அறிவித்தற் பலகையில் ஒட்டும்.

வராமல் போன 45 பேருக்கும் இந்த மூன்றையும் வீடு வீடாகப் போய்க் கொடுங்கள். மாதர் சங்கத்தையும் கூட்டத்துக்கு அழையுங்கள். வெள்ளத்தில் அடுப்படி நனைந்தவர்களிடம்தான் நாட்கணக்கு சரியாக இருக்கும். யாப்புத் திருத்தத்துக்குத் தேவையான வருகை எண்ணிக்கை உங்கள் யாப்பிலேயே இருக்கும், அது குறைந்தால் தீர்மானம் செல்லாது. நிறைவேறியதும் கூட்ட அறிக்கையின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் உங்கள் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொடுத்து, பதிவுக் கோவையில் சேர்க்கச் சொல்லுங்கள்.