கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஓர் ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தவரைவிட 18 புள்ளி எடுத்தவர் சிறப்பாக ஆடியிருக்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

பதில்: அந்தப் புள்ளிகளுக்கு அணியின் எத்தனை வாய்ப்புகள் செலவாயின என்று பாருங்கள். கூடையை நோக்கி எறிந்த எண்ணிக்கையுடன் ஃப்ரீ த்ரோக்களின் (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைப்பவை) 0.44 மடங்கைக் கூட்டி, இரண்டால் பெருக்கி, வரும் தொகையால் புள்ளிகளை வகுத்தால் 'ட்ரூ ஷூட்டிங்' எனும் எறிதல் திறன் அளவு கிடைக்கும். 28 எறிதல், 6 ஃப்ரீ த்ரோவில் 30 எடுத்தவருக்கு அது ஏறத்தாழ 49 விழுக்காடு. 10 எறிதல், 4 ஃப்ரீ த்ரோவில் 18 எடுத்தவருக்கு 76 விழுக்காட்டுக்கும் மேல். ஆயினும், 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் முடியும் தறுவாயில் பந்து யாரிடம் வந்து சேர்கிறதோ அவர் கடினமான எறிதல்களை ஏற்கவே வேண்டியிருக்கும் என்பதால், இந்த எண்ணை மட்டும் வைத்து அவரைக் குறைசொல்லிவிட முடியாது.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்க முடியாதா?

பதில்: அமெரிக்கக் கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் ஜான் ஹாலிஞ்சர் வகுத்த 'கேம் ஸ்கோர்' அத்தகைய முயற்சி. அதில் ஸ்டீலுக்கு (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) 1, அசிஸ்டுக்கு (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது) 0.7, எதிரணியின் கூடையடியில் பிடித்த ரீபவுண்டுக்கு (குறி தவறித் திரும்பும் பந்து) 0.7, தன் கூடையடியில் பிடித்ததற்கு 0.3 கூடும்; டர்ன்ஓவருக்கு (பந்தை எதிரணியிடம் இழப்பது) 1 கழியும். எதிராளியை எறியவே விடாமல் மறித்து நின்றவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: அதற்குத்தான் பிளஸ் மைனஸ் இருக்கிறதே! மைனஸ் 12 வாங்கியவர் மோசமாக ஆடினார் என்பதில் ஐயமென்ன?

பதில்: ஐயம் நிறையவே உண்டு. அவர் களத்தில் இருந்தபோது ஏற்பட்ட புள்ளி வேறுபாடு அது. அவருடன் ஆடிய நால்வரும் எதிரே நின்ற ஐவரும் அதில் அடக்கம். அவர் அருமையாகக் கொடுத்த பந்தைச் சக வீரர் தவறவிட்டு, எதிரணி அதில் புள்ளி எடுத்தால் கழிவது அவர் கணக்கிலும்தான்.

கேள்வி: அப்படியானால் தடுப்பாட்டக்காரரை எப்படித்தான் அடையாளம் காண்பது? அமெரிக்கத் தடுப்பாட்ட வீரர் ஷேன் பாட்டியேவை அடையாளம் காட்டியது பிளஸ் மைனஸ்தானே?

பதில்: ஒப்புக்கொள்கிறேன். புள்ளி, ரீபவுண்டு போன்ற கணக்குகளில் எளிய எண்களே கொண்ட அவர் களத்தில் இருக்கும்போது அணி மேம்பட்டதை அது காட்டியது. ஆனால் அது பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்த உண்மை. ஒரே ஆட்டத்தின் பிளஸ் மைனஸை வைத்து எவரையும் தீர்ப்பிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீரர் 35 புள்ளி எடுத்தார். அவர்தானே சிறந்தவர்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நேற்று ஒருவர் பிளஸ் 20. அவரை...

பதில்: ஒரே ஆட்டம். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: முழங்கால் வலியால் என் வேகம் குறைந்துவிட்டது. ஆட்டத்தை எப்படி மாற்றிக்கொள்வது?

பதில்: முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எண்களில் வராத தடுப்பாட்டத்தைக் கண்ணால் பார்க்கப் பழகுவது எப்படி?

பதில்: ஆட்டத்தின் ஒரு கால் பகுதி முழுவதும் பந்தைப் பின்தொடராமல் அந்த வீரரை மட்டும் பாருங்கள். சக வீரரைத் தாண்டி எதிராளி உள்ளே நுழையும்போது உதவிக்கு நகர்கிறாரா, பந்து வெளியே போனதும் தன் ஆளிடம் திரும்பி ஓடுகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள்.