பயிற்றுநர் மீது முறைப்பாடு: கழக நிர்வாகம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

கேள்வி: யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் உள்ள விளையாட்டுக் கழகம் ஒன்றின் செயலாளர் நான். எமது வலைப்பந்தாட்ட அணியில் விளையாடும் 16 வயதுப் பிள்ளைக்குப் பயிற்றுநர் இரவில் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புவதாகவும், எடையைச் சொல்லி மற்றவர்கள் முன் ஏளனம் செய்வதாகவும் தாயார் முறையிட்டுள்ளார். பயிற்றுநர் தலைவரின் உறவினர். இரு தரப்பையும் நிர்வாகக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசித் தீர்த்துவிடலாம் என்கிறார் தலைவர். இதற்கிடையில், ஆண்கள் அணியில் ஒருவருக்குத் தோற்றுக் கொடுக்கப் பணம் பேசப்பட்டதாகவும் கதை அடிபடுகிறது. நான் என்ன செய்வது?

பதில்: கூட்டத்துக்கு அழைக்க வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்திருக்க, குற்றஞ்சாட்டப்பட்டவரும் எதிரே இருக்கும்போது ஒரு பிள்ளை நடந்ததை முழுமையாகச் சொல்லாது. பாதி சொல்லும் அல்லது முறைப்பாட்டையே மீளப் பெறும். பின்னர் பொலிஸார் வாக்குமூலம் பெற நேர்ந்தால், கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளும் கொடுக்கப்பட்ட அழுத்தமும் அதைக் குழப்பிவிடும். முறைப்பாட்டைப் பெறுவதும், பிள்ளையைப் பாதுகாப்பதும், உரிய இடத்தில் ஒப்படைப்பதுமே கழகத்தின் வேலை. தலைவர் உறவினர் என்பதால், இந்த விடயத்திலிருந்து தாம் விலகியிருப்பதாக அவர் எழுத்தில் தருவது அவருக்கும் நல்லது.

முதற் சந்திப்பைத் தாயாரும் பெண் நிர்வாக உறுப்பினர் ஒருவரும் உடனிருக்க நடத்துங்கள். "ஒருவருக்கும் சொல்ல மாட்டோம்" என்று வாக்களிக்காதீர்கள். அதை உங்களால் காப்பாற்ற முடியாது. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லுங்கள். "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொல்வதை அதன் சொற்களிலேயே, திகதியும் நேரமும் இட்டு எழுதுங்கள். கூட்ட அறிக்கைக் கொப்பியில் எழுத வேண்டாம். அது அடுத்த கூட்டத்தில் உரத்து வாசிக்கப்படும். தனித் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டி, குறுக்கே கையொப்பமிட்டு, இரண்டு பேர் பொறுப்பில் வையுங்கள். வெளிநாட்டிலுள்ள உறுப்பினர்களும் இருக்கும் கழக வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடக்கூடாது. இங்கே கசிந்த செய்தி மறுநாள் ரொறன்ரோவிலிருந்து தாயாரின் தொலைபேசிக்கே திரும்பி வரும்.

செய்திகளை அழிக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அவற்றில் பாலியல் தன்மை தென்பட்டால் நிர்வாகம் கூடும் வரை காத்திருக்காமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கோ பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகத்துக்கோ அன்றே அறிவியுங்கள். ஆபாசப் படம் இருந்தால் அதை உங்கள் தொலைபேசிக்கு வாங்காதீர்கள். சிறுவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதே குற்றமாகும். அவ்வாறு எதுவும் இல்லாவிட்டாலும், இரவுச் செய்திகளும் ஏளனமும் சின்ன விடயங்கள் அல்ல. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, கையளித்ததற்கான கையொப்பத்தைப் பெறுங்கள்.

பயிற்றுநரை விசாரணை முடியும் வரை பயிற்சியிலிருந்து விலக்கி வையுங்கள். இது தண்டனையன்று, முன்னேற்பாடு என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். கடிதத்தை ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதோடு, பிறகும் அவருடன் தொடர்பில் இருக்க வேண்டும். ஊரே பேசும் நிலையில் அவரும் உடைந்துபோகலாம். இரு தரப்புக்கும் 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையும் தெரியப்படுத்துங்கள். பிள்ளை உணவைத் தவிர்க்கிறதா என்று தாயாரிடம் தனியாகக் கேளுங்கள். எடையைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட விளையாட்டுப் பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் பிந்தியே தெரியவருகிறது. அப்படியானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காட்டுவதைத் தள்ளிப்போடக்கூடாது.

பணம் பேசப்பட்ட கதையை இதனுடன் கலக்காமல் தனிக் கோப்பாக வையுங்கள். விளையாட்டுத் தவறுகளைத் தடுப்பதற்கான, இலங்கையின் 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம், போட்டி முடிவைப் பணம் பேசி முன்கூட்டியே தீர்மானிக்கும் போட்டி நிர்ணயத்துக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அறிந்தும் அறிவிக்காதிருப்பதும் அதன்படி குற்றமாகலாம். ஆகவே அந்த வீரரிடம் எழுத்தில் கேட்டு, விளையாட்டு அமைச்சின் விசேட விசாரணைப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

அடுத்த சுற்றுப்போட்டிக்கான அணித் தெரிவைக் கழகத்துக்கு வெளியிலிருந்து ஒரு வலைப்பந்தாட்ட ஆசிரியரைக் கொண்டு செய்வியுங்கள். பிள்ளை அணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறைப்பாட்டோடு முடிச்சுப் போடப்படும் என்பதால், தெரிவுக்கான காரணங்களை அவரே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.