குளத்து நீர் 'அருகுமா'?
மகளின் கட்டுரையில் 'உன்னிச்சைக் குளத்து நீர் அருகி வருகிறது' என்ற வரியை ஆசிரியர் பிழையென்று வெட்டியதாக எழுதியிருந்தீர்கள். ஆசிரியர் திருத்தியது சரி. மழை குறைந்த சிறுபோக நெற்செய்கைக் காலத்தில் குளக்கட்டுக் கற்களில் ஈரக்கோடு நாளுக்கு நாள் கீழே இறங்குமே, அது வற்றுதல். அருகுதல் என்பது காண்பதே அரிதாகிப்போவது. மரபுக் கூத்து வகையான வடமோடியைப் பற்றி, 'மட்டக்களப்பில் வடமோடிக் கூத்து அருகி வருகிறது' என்று எழுதலாம். எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது. எங்கோ ஒரு கூத்தாடும் களரியில் மத்தளம் ஒலிக்கும்வரை அது அருகியதுதான், அற்றுப்போனதாகாது. இந்த வேறுபாட்டை மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். இலக்கணத்தில் 'அருகிய வழக்கு' என்பதும் இதே பொருளில்தான். குறைவதைச் சொல்ல வேறு சொற்களும் உண்டு: அரிவாளுக்கும் நிலவுக்கும் தேய்தல், உடல் வலுவுக்குக் குன்றுதல். 'அருகுதல்' என்ற நல்ல சொல்லை மகள் தேடி எடுத்திருக்கிறாள். குளத்திலிருந்து கூத்துக்கு மாற்றினால் போதும்.