நிக்கோபார் தீவுகளை ஒரு காலத்துல தமிழ்நாட்டுல இருந்து ஆண்டாங்களா?

ஆமாங்க, உண்மைதான். எனக்கு ஊரு பொறையார், தரங்கம்பாடி கோட்டைக்கு சைக்கிள்ல போயிடலாம். எங்க தாய்மாமா நிக்கோபார்ல கமோர்ட்டா தீவுல பல வருஷம் ஜெனரேட்டர் பாத்துக்குற வேலையில இருந்தவரு. அதனால இந்தக் கேள்விய பாத்ததும் எழுதாம இருக்க முடியல.

1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரங்க தரங்கம்பாடில கோட்டை கட்டுனது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் 1755ல இங்கேருந்து ஆள அனுப்பி நிக்கோபார்ல குடியேத்துனாங்க, 1756ல அவங்க ராஜா பேரையே வெச்சு "பிரடெரிக் தீவுகள்"னு மாத்தி, நிர்வாகத்த தரங்கம்பாடி கையில குடுத்துட்டாங்க. அங்க இருந்தவங்களுக்கு சாமான் போறதும் இங்கேருந்துதான், காய்ச்சல்ல விழுந்தவங்க திரும்பி வந்ததும் இங்கதான். மலேரியா அவங்கள இருக்கவே விடல. 1759லயே விட்டுட்டு வந்துட்டாங்க, அப்புறம் திரும்பப் போவாங்க, சாவாங்க, வருவாங்க, இப்படியே கிட்டத்தட்ட நூறு வருஷம் ஓடுச்சு. மொரேவியன்னு ஒரு கிறிஸ்தவ சபை, 1760ல தரங்கம்பாடி பக்கத்துல வந்து தோட்டம் வாங்கி தங்குனதே நிக்கோபார் போறதுக்காகத்தான். 1768ல போயி 1787 வரைக்கும் நிக்கோபார்ல நான்கௌரிங்கற தீவுல தாக்குப்பிடிச்சாங்க, எத்தனையோ பேரு அங்கயே மண்ணுக்குள்ள போயிட்டாங்க. அவங்கள நெனச்சா எனக்கு மனசு கனத்துப்போகும், ஊரு விட்டு ஊரு வந்து அதையும் தாண்டி இன்னொரு கடல் தாண்டிப் போனவங்க.

இன்னொன்னு நிறைய பேருக்குத் தெரியாது. 1845ல தரங்கம்பாடிய இங்கிலீஷ்காரங்களுக்கு வித்தப்ப நிக்கோபார விக்கல. 1848ல ஆளயெல்லாம் எடுத்துட்டாங்க, ஆனா உரிமைய 1868லதான் வித்தாங்க. அதுக்கடுத்த வருஷம் இங்கிலீஷ்காரங்க நான்கௌரி துறைமுகத்துல கைதிகள கொண்டுபோய் வெச்சாங்க, அவங்களும் 1888ல மூடிட்டாங்க.

நமக்கு அந்தத் தீவு அதுக்கும் முன்னாடியே தெரியும். ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தில, அதாவது கல்வெட்டுல அவரோட வெற்றிகள பாடுற பாட்டுல, "தேனக்க வார்பொழில் மாநக்கவாரம்"னு வருதே, அந்த நக்கவாரம்தான் நிக்கோபார். தேன் வழியுற சோலைன்னு பாடியிருக்காங்க.

அங்க நெலம் எப்படின்னா, எல்லாத் தீவும் ஒரே மாதிரி இல்ல. கார் நிக்கோபார் பவளப்பாறை மேல தட்டையா இருக்கும், கிரேட் நிக்கோபார்ல 642 மீட்டர் ஒசரத்துல மலையும் காடும். மாமா இருந்த கமோர்ட்டாவுல புல்லு மூடுன மேடுங்க, எதிர்ல நான்கௌரி, ரெண்டுக்கும் நடுவுல அலையே அடிக்காத துறைமுகம், கப்பல்காரன் எவனா இருந்தாலும் ஆசப்படுவான். ஆனா டெல்டாக்காரனான எனக்கு மாமா சொன்னதுல ஆச்சரியமா இருந்தது அங்கத்து ஜனங்க காலங்காலமா நெல்லே வெதைக்காம வாழ்ந்ததுதான். தென்னை, சேனை மாதிரி கிழங்கு, பன்னி, மீனு, அப்புறம் தாழம்பழம். நம்ம வாய்க்கா கரையில பூவுக்காக பாக்குறோமே தாழை, அதே குடும்பம்தான், அங்க பழம் பெரிசா காய்க்கும். அத வேக வெச்சு சிப்பியால சொரண்டி, நாரெல்லாம் இழுத்துப் போட்டுட்டு மஞ்சளா மாவு மாதிரி தெரட்டுவாங்களாம். "இனிப்பா இருக்கும் மாப்ள, மொத நாளு புடிக்காது, மூணாவது நாளு தேடும்"னு சொல்லுவாரு.

2004 டிசம்பர் 26 காலையில ஆறரை மணிக்கு சுமத்ராகிட்ட பூமி ஆடுனதுமே அங்க தண்ணி ஏறிடுச்சு. மாமாவும் கூட இருந்தவங்களும் புல்லு மேட்டுல ஏறிட்டாங்க. அதே அலை எங்க கடற்கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துல தரங்கம்பாடில மீனு வித்துட்டு இருந்தாங்க, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல, சொல்றதுக்கு வழியும் இல்ல, இது இன்னைக்கும் எனக்கு ஆறல. அம்மா ஒரு வாரமா போன் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. மாமா உசுரோட வந்தாரு. வந்து மொதல்ல சொன்னது நிலமே எறங்கிப்போச்சுங்கறத, அலை திரும்புன பெறகும் தண்ணி போகல, கரையோரத் தென்னைங்க இடுப்பளவு உப்புத்தண்ணில நின்னு காஞ்சுகிட்டு இருந்துச்சாம். பக்கத்துல டிரிங்கெட் தீவு துண்டு துண்டா ஒடஞ்சிடுச்சு. கிரேட் நிக்கோபாரோட தெற்கு முனையில இந்திரா பாயிண்ட் லைட்ஹவுஸ் நாலு மீட்டருக்கு மேல அமிழ்ந்துபோச்சு.

போய் பாக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. 1956ல பழங்குடி மக்கள பாதுகாக்க போட்ட சட்டம் இருக்கு, பாஸ் இல்லாம அந்தப் பகுதிக்குள்ள போக முடியாது, அது இருக்கறதுதான் சரின்னு நான் நெனைக்கிறேன். தரங்கம்பாடி கோட்டைக்கு வேணா வாங்க, நிக்கோபாருக்கு ஆளனுப்பி ஆண்டது இங்கேருந்துதான்.