நோவ்கொரோட்டும் நவநகரமும்

கேள்வி: ரஷ்யாவின் நோவ்கொரோட் நம் ‘நவநகரம்’தானே? லெனின்கிராட், ஸ்டாலின்கிராட் என்று எங்கே பார்த்தாலும் ‘நகர’ ஒட்டிக்கொண்டிருக்கிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: பாதி சரி. ‘நோவ்’ நிஜமாகவே ‘நவ’வின் உடன்பிறப்பு. ‘கொரோட்’ அப்படி அல்ல. ரஷ்யன், செக், போலிஷ் முதலான ஸ்லாவிய மொழிகள் சொல்முதல் ‘ந’வைத் தொலைப்பதில்லை: நாசி ரஷ்யனில் ‘நோஸ்’, நக்தம் என்கிற இரவு ‘நோச்’. ‘நகர’ அங்கே போயிருந்தால் அந்த ‘ந’ எங்கே?

மூல ஸ்லாவிய வடிவம் *கொர்டு. உடுக்குறி, ஏட்டில் கிடைக்காமல் ஒப்பிட்டு மீட்ட சொல் என்பதற்கு அடையாளம். இரு மெய்களுக்கு நடுவே சிக்கிய அந்த ‘ஒர்’தான் கிளைக்குக் கிளை உடைந்தது. ரஷ்யன் இன்னோர் ஒகரம் சேர்த்து ‘கொரோட்’ என்றது. பல்கேரியனும் செர்பியனும் ரகரத்தை முன்னே தள்ளி ‘கிராட்’ என்றன. செக் அதோடு ககரத்தையும் ஹகரமாக்கி ‘ஹ்ராட்’ என்றது. சந்தேகமா? பசுவைக் கேளுங்கள்: எழுத்துப்படி ரஷ்யன் ‘கொரோவா’, பல்கேரியன் ‘கிராவா’, போலிஷ் ‘க்ரோவா’. உறவுக்குச் சாட்சி இந்த ஒழுங்கு. காதுக்கு இனிக்கும் ஒற்றுமை அல்ல.

அப்படியானால் ரஷ்யாவில் லெனின்கிராட் எப்படி? ஸ்லாவியரின் பழைய தேவாலய மொழியான சர்ச் ஸ்லாவோனிக் வழி வந்த மிடுக்கான வடிவம் அது. 1914-ல் ஜெர்மன் வாடை ஆகாது என்று பீட்டர்ஸ்பர்க்கை ‘பெட்ரோகிராட்’ ஆக்கினார்கள், 1924-ல் லெனின்கிராட். (‘பர்க்’ வேறு வேர், அதையும் இதில் சேர்த்துவிடாதீர்கள்.)

பொருளின் அடியில் இருப்பது வேலி, அடைப்பு. லிதுவேனியனில் ‘கார்டஸ்’ கால்நடைப் பட்டி, வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான காதிக்கில் ‘கார்ட்ஸ்’ வீடு, ஆங்கிலத்தில் ‘யார்டு’. ரஷ்யனின் ‘ஒகொரோட்’ காய்கறித் தோட்டம். செக் ‘ஹ்ராட்’டை நகரம் என்று மொழிபெயர்ப்பவர்கள் வழுக்குவதும் இங்கேதான்: அது கோட்டை. பிராகில் ஜனாதிபதி இருக்கும் இடம் அதுதான். நகரத்துக்கு அங்கே ‘மியெஸ்தோ’.

உறவு கொண்டாடியே தீர வேண்டுமென்றால் வீடு என்று பொருள்படும் சம்ஸ்கிருத ‘கிருஹ’த்தோடு கொண்டாடுங்கள். அதன் ஹகரம் பழைய ‘த’கர ஒலி தேய்ந்தது, ‘தா’ வேரிலிருந்து ‘ஹித’ வந்த மாதிரி. அப்போதும் யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் வாரிசுகள். ஊர்ப் பெயரிலேயே வேண்டுமா? பீகாரின் ராஜ்கிர் இருக்கிறது, பழைய ராஜகிருஹம்.